சுரைக்காய் வேரில் தர்பூசணி

இரண்டு வருடம் தொடர்ந்து எங்கள் கொல்லையில் தர்பூசணி செத்தது. தையில் விதைப்பேன். கொடி நன்றாகத்தான் ஓடும். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் பகலில் இலை துவளும், சாயங்காலம் நிமிரும், சில நாளில் கொடியே காய்ந்துவிடும். தண்டை அறுத்தால் உள்ளே பழுப்பு. "கடையில வாங்கிட்டா போச்சு. இந்த வயசுல எதுக்குக் குனிஞ்சு நிமிரணும்?" என்றாள் மனைவி.

வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்ற நண்பர் பார்த்துவிட்டு, "வாடல் நோய் சார். இந்தப் பூஞ்சாணம் மண்ணுலயே பல வருஷம் கிடக்கும். சுரை வேர்ல ஒட்டிப் பாருங்க" என்றார்.

எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். திராட்சைத் தோட்டத்தையே பார்த்திராத எங்களுக்கு, பிரான்சின் திராட்சை அழிந்த கதையை வாத்தியார் நடத்தினார். 1860-களில் ரோன் ஆற்றுப் பக்கம் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. 1868-ல் மோன்பெலியே பேராசிரியர் பிளான்ஷோனும் உடனிருந்தவர்களும் வேரைத் தோண்டி, சாறு உறிஞ்சும் சிறு பூச்சியைக் கண்டார்கள். ஃபிலாக்சரா என்று பெயர், அமெரிக்காவிலிருந்து வந்தது. தீர்வு சொல்பவருக்கு 3,00,000 பிராங்க் பரிசு என்று 1874-ல் அரசாங்கம் அறிவித்தது. மருந்து எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், அந்தப் பூச்சிக்குப் பழகிய அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் பிழைத்தார்கள்.

தர்பூசணிக்கு இதே வழியைக் காட்டியது ஜப்பான். 1920-களின் கடைசியில் ஹியோகோ பகுதி விவசாயி ஒருவர் பூசணி வேரில் ஒட்டினார். பிறகு சுரை வேர் புழக்கத்துக்கு வந்தது. மேல்நாடுகளில் மண்ணுக்கு மீதைல் புரோமைடு புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓசோனைக் கெடுக்கிறது என்று, மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-ல் பெரும்பாலும் நிறுத்தின. அதன் பிறகே அங்கே ஒட்டுக்கன்றுக்கு மவுசு கூடியது.

நமக்கும் ஒட்டு புதிதல்ல. சந்தூர் ஒட்டு மாங்கன்றை யார்தான் அறியாதவர்? சுண்டைக்காய் வேரில் கத்தரியை ஒட்டுவதும் இங்கே நடக்கிறது.

நான் செய்தது இதுதான். தர்பூசணியை முதலில் விதைத்து, ஒரு வாரம் கழித்து அதே பையில் சுரை விதை போட்டேன். சுரை வேகமாகத் தடிக்கும் என்பதால் இந்த இடைவெளி. இரண்டு தண்டும் ஒத்த பருமன் வந்ததும், சுரையில் மேலிருந்து கீழாகவும் தர்பூசணியில் கீழிருந்து மேலாகவும் பிளேடால் பாதித் தண்டு வரை சாய்வாகக் கீறி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் கட்டினேன். நிழலில் வைத்துப் பிளாஸ்டிக் பையால் மூடினேன். பத்து நாளில் ஒட்டியதும் சுரையின் தலையையும் தர்பூசணியின் அடித்தண்டையும் வெட்டிவிட்டேன். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைந்தால் தர்பூசணி சொந்த வேர் விடும்; நோய் அதன் வழியே ஏறிவிடும்.

எங்கள் ஊருக்கு இன்னொரு லாபமும் உண்டு. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது திருநீர்மலை ஐதீகம். மார்கழி முடிந்தும் இங்கே மண்ணில் ஈரம் கனத்துக் கிடக்கும். தர்பூசணி வேர் அதைத் தாங்காது. சுரை வேர் ஓரளவு தாங்கும்.

ஆறு கன்றில் நாலு பிழைத்தன. சித்திரையில் முதல் பழத்தை அறுத்தேன். மனைவி ஒரு துண்டை முகர்ந்து பார்த்து, "சுரைக்காய் வாசனை வரலையே!" என்றாள். அப்புறம் பேச்சில்லை, தட்டு காலி.

விதையை மட்டும் எடுத்து வைக்கவில்லை. ஒட்டு விதையில் இறங்காது. அடுத்த தையிலும் குனிந்துதான் ஆகவேண்டும்.