குறையிலா மாந்தரும் குறையுடை மாந்தரும்: தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் பாத்திரப் படைப்பு (1879–1903)

ஆய்வுச் சுருக்கம்

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தின் கதைமாந்தர் உயிரோட்டம் அற்றவர்கள் என்பதும், கமலாம்பாள் சரித்திரத்திலிருந்தே உண்மையான பாத்திரப் படைப்பு தொடங்குகிறது என்பதும் நாவல் வரலாற்றில் நிலைபெற்ற கருத்துகள். முதல் நாவலாசிரியர் குறையற்ற மாந்தரைத் தெரிந்தே படைத்தார் என்பதையும், அடுத்து வந்த இருவர் அக்கொள்கையிலிருந்து விலகிய வழிகளையும், அவ்விலகல் ஆண் பாத்திரங்களுக்கும் பெண் பாத்திரங்களுக்கும் ஒரே அளவில் நிகழவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரப் படைப்பு, தொடக்ககால நாவல், வேதநாயகம் பிள்ளை, ராஜமையர், மாதவையா, அபவாதம்.

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபு கதைமாந்தரைப் படைப்பதற்கு வரையறுத்த நெறிகளைக் கொண்டிருந்தது. அகப்பாடல்களில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் நிலைகளிலேயே அவர்கள் பேசுகின்றனர். பெருங்காப்பியத்திற்கு இலக்கணம் கூறும் தண்டியலங்காரம் ஒப்பற்ற தலைவன் ஒருவனை வேண்டுகிறது. பெயரும் ஊரும் தொழிலும் உடைய, தவறு செய்யக்கூடிய ஒரு சாதாரண மனிதனை நெடிய கதையின் நடுவே நிறுத்துவதற்கு இவ்விரு மரபுகளிலும் நேரடியான முன்மாதிரி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உரைநடையில் நெடுங்கதை எழுத முற்பட்டோர் எதிர்கொண்ட முதற்சிக்கல் இதுவே.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), பி. ஆர். ராஜமையர் (1872–1898), அ. மாதவையா (1872–1925) ஆகிய மூவரும் தத்தம் நாவலுக்குச் ‘சரித்திரம்’ என்றே பெயரிட்டனர். அச்சொல் வரலாறு என்னும் பொருளோடு நடத்தை, ஒழுகலாறு என்னும் பொருளையும் தருவது. ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வதும் அவருடைய ஒழுக்கத்தை எடைபோடுவதும் ஒரே செயலாகக் கருதப்பட்ட காலத்தை இத்தலைப்புகள் காட்டுகின்றன. கதைமாந்தர் குறையற்றவராக இருக்கவேண்டுமா என்ற வினா இங்கிருந்தே எழுகிறது.

கொள்கையாக அமைந்த குறையின்மை

பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்குவதே தம் நோக்கம் என்று வேதநாயகம் பிள்ளை தமது ஆங்கில முன்னுரையில் கூறுகிறார். அதே முன்னுரையில், முதன்மைக் கதைமாந்தரை முற்றிலும் நற்குணம் உடையவர்களாகப் படைத்திருப்பதாகவும், இதில் ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தைப் பின்பற்றியதாகவும் குறிப்பிடுகிறார். சாமுவேல் ஜான்சன் 1750இல் ‘ராம்ப்ளர்’ இதழின் நான்காம் கட்டுரையில் இக்கருத்தை விரித்துரைத்தார். புனைகதைகளைப் பெரிதும் படிப்போர் அனுபவமற்ற இளையோர். அவர்கள் கதைமாந்தரைப் பின்பற்ற முனைவர். ஆகவே தீமையை வெறுப்புத் தோன்றவே காட்டவேண்டும். நன்மையையும் தீமையையும் ஒருவரிடமே கலந்து காட்டினால் தீமையின் மீதுள்ள வெறுப்புக் குறைந்துவிடும் என்பது அவர் வாதம்.

இச்சான்று இரண்டு முடிவுகளுக்கு இடமளிக்கிறது. ஒன்று, வேதநாயகம் பிள்ளையின் மாந்தர் ‘தட்டையாக’ இருப்பதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. நன்மையும் தீமையும் கலந்த மாந்தரைப் படைக்கும் வழி இருப்பதை அறிந்தே அவர் அதைத் தவிர்த்திருக்கிறார். மற்றொன்று, நீதி நூல் (1859) இயற்றியவரும் மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவருமான அவருக்கு, ஜான்சனின் கொள்கை புதிதாகக் கற்ற ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒப்பற்ற தலைவனை வேண்டிய காப்பிய நெறிக்கும் அறநூல் மரபுக்கும் அது இயல்பாகவே இசைந்தது.

ஆயினும் நாவல் தன் முன்னுரைக்கு முழுமையாகக் கட்டுப்படவில்லை. கதையைத் தன்மைக் கூற்றில் சொல்லும் பிரதாப முதலியார், செல்வக் குடியில் செல்லமாக வளர்ந்தவர். அவர் படிக்காமல் இருந்ததற்கு ஆசிரியரின் மகனாக வளரும் கனகசபை அடிவாங்குகிறான். இளமைக்கால மூடத்தனங்களை நகைச்சுவையுடன் சொல்லிக்காட்டும் இக்குரல் ஒப்பற்ற தலைவனுக்கு உரியதன்று. ஒப்பற்ற தன்மை முழுவதும் ஞானாம்பாளிடம் சேர்கிறது. ஆணுடை தரித்து, விக்கிரமபுரியின் அரசாட்சியை ஏற்று, நீதி வழங்கி, கணவனை மீட்பவள் அவளே. காப்பியத் தலைவனுக்கு உரிய இடம் நாவலில் தலைவிக்கு மாறியிருக்கிறது. பெண்கல்வியை வற்புறுத்திய ஆசிரியரின் நோக்கத்திற்கு இம்மாற்றம் உதவியது. எனினும் நிகழ்வுகள் அவளை வந்தடைகின்றன. அவற்றை அவள் அறிவால் வெல்கிறாள். அவளுடைய தவறு எதுவும் கதையை நகர்த்துவதில்லை.

ஊர்ப்பேச்சும் மாந்தரும்

சி. வி. சுவாமிநாதையர் நடத்திய விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் 1895 வரை ராஜமையரின் நாவல் தொடராக வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பது அதன் முழுப்பெயர். பின்னாளில் முற்பகுதி வழக்கிலிருந்து மறைந்துவிட்டதால், நாவலின் இயக்கு விசையைத் தலைப்பிலேயே ஆசிரியர் சுட்டியிருந்தமை கவனம் பெறாமல் போயிற்று.

சிறுகுளத்தில் வாழும் முத்துசுவாமி ஐயரும் கமலாம்பாளும் நல்லவர்கள். அதே வேளையில் அவர்கள் தனித்து இயங்குபவர்கள் அல்லர். ஊர்ப்பெண்கள் கூடிப் பேசும் ‘வம்பர் மகாசபை’, தம்பி சுப்பிரமணிய ஐயரின் மனைவி பொன்னம்மாளின் பொறாமை, உறவினரிடையே பரவும் சொற்கள் ஆகியவை இணைந்து ஒரு குடும்பத்தைக் குலைக்கின்றன. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை போன்ற துணைமாந்தரும் தம் பேச்சின் வழியாகவே நினைவில் நிற்கின்றனர். ஒரு மாந்தரின் குணத்தை ஆசிரியர் அடைமொழிகளால் அறிவிக்கும் முறை இங்குக் குறைந்து, அவர் பேசுவதையும் அவரைப் பற்றிப் பிறர் பேசுவதையும் கொண்டு வாசகர் உய்த்துணரும் முறை மேலோங்குகிறது.

நாவலின் பிற்பகுதி வேதாந்தத்தை நோக்கித் திரும்புவதைத் திறனாய்வாளர் பலர் குறையாகச் சுட்டியுள்ளனர். ராஜமையர் 1896இல் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியரானதை எண்ணும்போது அவருடைய நாட்டம் விளங்குகிறது. பாத்திரப் படைப்பின் நோக்கில் இதற்கு மற்றொரு விளக்கமும் உண்டு. முத்துசுவாமி ஐயர் சிறுகுளத்தை விட்டு நீங்கியதும் அவரைச் சூழ்ந்திருந்த பேச்சு அறுந்துபோகிறது. பிறர் சொற்களால் உருப்பெற்ற மாந்தருக்கு அச்சொற்கள் இல்லாத இடத்தில் எஞ்சுவது ஆசிரியரின் தத்துவக் குரலே. முற்பகுதியின் வெற்றியும் பிற்பகுதியின் தளர்வும் ஒரே முறையியலின் இரு விளைவுகள் எனலாம்.

நல்லவனின் ஐயம்

மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் முதற்பாகம் 1898இலும் இரண்டாம் பாகம் 1899இலும் வெளிவந்தன. கல்வி கற்று முன்னேறும் நாராயணன், பெண்கல்வியை ஆதரிக்கும் ஆசிரியரின் பரிவைப் பெற்ற பாத்திரம். அவனே தன் மனைவி பத்மாவதியின் மீது ஐயம் கொள்கிறான். கமலாம்பாள் சரித்திரத்தில் புறத்தே ஊர்வாயில் உலவிய அபவாதம் இங்குக் கணவனின் மனத்திற்குள் குடியேறுகிறது. ஜான்சனின் அளவுகோலின்படி இது தவிர்க்கவேண்டிய கலப்பு. வாசகரின் நன்மதிப்பைப் பெற்ற ஒருவனிடமே தீமை வைக்கப்பட்டிருக்கிறது. படித்தவனின் மனம் படிப்பினால் மட்டும் திருந்திவிடுவதில்லை என்பதை இக்கலப்பின்றி மாதவையாவால் காட்டியிருக்க இயலாது. சீர்திருத்தக் கருத்தை எடுத்துரைக்கும் நாவல், அக்கருத்தைத் தாங்கும் மாந்தரையே சோதனைக்கு உட்படுத்துகிறது.

மாற்றம் எட்டாத இடம்

மூன்று நாவல்களையும் ஒருசேர நோக்கினால் குறையற்ற மாந்தரிலிருந்து குறையுடைய மாந்தரை நோக்கிய நகர்வு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்நகர்வு ஆண் பாத்திரங்களிலேயே நிகழ்ந்தது. ஞானாம்பாள் குறையற்றவள். கமலாம்பாள் பழிக்கு ஆளாகிறாள். பழி பொய் என்பது வாசகருக்குத் தெரியும். பத்மாவதி ஐயத்திற்கு ஆளாகிறாள், அவள் குற்றமற்றவள். பெண்ணின் குறைகள் பொன்னம்மாள் போன்ற துணைமாந்தருக்கு உரியனவாக ஒதுக்கப்படுகின்றன. அபவாதத்தைக் கதையின் அச்சாகக் கொண்டதன் விளைவு இது. தலைவி தூயவளாக இருந்தால்தான் பழி பொய்யாகும். பழி பொய்யாக இருந்தால்தான் கதை நிறைவுறும். வேதநாயகம் பிள்ளை முன்னுரையில் வெளிப்படையாக அறிவித்த கொள்கை, பின்வந்தோரிடம் அறிவிக்கப்படாமலேயே தலைவியரிடம் தொடர்ந்தது.

இந்நிலையில் 1903இல் நூலாக வந்த மாதவையாவின் முத்துமீனாட்சி தனிக்கவனத்திற்கு உரியது. சாவித்திரி சரித்திரம் என்னும் பெயரில் 1892இல் விவேக சிந்தாமணியில் தொடங்கி இடையில் நின்றுபோன தொடரின் மறுவடிவம் அது. இளம்பெண் ஒருத்தி தன் திருமண வாழ்வையும் கைம்மையையும் தானே சொல்வதாக அமைந்த கதை. தன்மைக் கூற்றில் தன் கதையைச் சொல்லும் உரிமை, பிரதாப முதலியாருக்குப் பின் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிறது. பிறர் அவளைத் தூயவள் என்று சான்றளிப்பதைக் காட்டிலும், தனக்கு நேர்ந்ததைப் பற்றி அவள் எண்ணுவது இங்கு முதன்மை பெறுகிறது.

முடிவுரை

தொடக்ககால நாவலாசிரியர்களைப் பின்னாளைய எதார்த்தவாதத்தின் அளவுகோலால் அளக்கும்போது அவர்கள் எடுத்த முடிவுகள் இயலாமைகளாகத் தோன்றிவிடுகின்றன. வேதநாயகம் பிள்ளையின் முன்னுரை அவ்வாசிப்பை மறுக்கிறது. குறையற்ற மாந்தர் வேண்டும் என்று அவர் எண்ணித் தேர்ந்தார். ராஜமையர் மாந்தரைப் பேச்சின் நடுவே வைத்தார். மாதவையா நல்லவனுக்குள் ஐயத்தை வைத்தார். எனினும் தலைவியின் தூய்மையைக் கதையின் பிணையாக வைக்கும் வழக்கத்தை மூன்று சரித்திரங்களும் கைவிடவில்லை. ஆகவே முதல் நாவல் எது, எது மேலானது என்னும் விவாதத்தைக் காட்டிலும், தவறு செய்யும் உரிமை எந்த மாந்தருக்கு எப்போது வழங்கப்பட்டது என்னும் வினா தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் பெரிதும் துணைசெய்யும்.