வாசலில் கட்டும் வேப்பிலையும் வயிற்றுக்குள் போகும் வேப்பிலையும்

 

ஆடி மாசம் வந்தாச்சு. போன வியாழக்கிழமை ராத்திரி தொண்டர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் மண்டபத்தில் உட்கார்ந்து வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம். வருஷா வருஷம் எங்களோடு உட்கார்ந்து கட்டும் ஓர் அண்ணன் இந்த முறை வரவில்லை. இனிப்புநீர்க்காரர். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நான்கு மாதமாக நிறுத்திவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் வேப்பிலைச் சாறு குடித்து வந்திருக்கிறார். காலில் பட்ட சின்னக் காயம் ஆறவே இல்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பார்க்கப் போனோம். படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியை எடுத்துப் புலனத்தில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். "வேப்பிலையில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு, சர்க்கரைய உண்டாக்குற என்சைம தடுக்குதுன்னு ஆராய்ச்சியிலயே சொல்லியிருக்காங்கப்பா. அம்மனோட இலைதானே, என்ன செஞ்சிடப் போகுது?" என்றார்.

அந்தச் செய்தி எங்கிருந்து அவருக்கு வந்தது என்று பார்த்தோம். போன வருஷ ஆடித் திருவிழாவின்போது நம் ஆலயப் புலனக் குழுவில் நாங்களே பகிர்ந்தது அது. படித்துப் பார்க்காமல், வேப்பிலைப் படம் அழகாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டோம்.

அதனால்தான் இந்த நீண்ட பதிவு. வேப்பிலையைக் குறைத்துப் பேச எழுதவில்லை. அதன் உண்மையான வரலாற்றைத் தெரிந்துகொண்டு, எங்கள் தவற்றைத் திருத்திக்கொள்ள எழுதுகிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

*தோட்டத்துக்கு வந்த மரம்*

வேம்பு இந்த மண்ணின் மரம் அல்ல. இந்தியா, பர்மா பக்கத்து மரம். மலாய்க்காரர்கள் இதைச் 'செமாம்பு' என்பார்கள். ஆனால் பால்மரக் காட்டுக்குள் நம் தாத்தா பாட்டி லயத்தில் குடியேறிய இடத்திலெல்லாம் மாரியம்மன் கோயிலும் பக்கத்தில் ஒரு வேப்பமரமும் இருக்கும். கோயில் இல்லாத தோட்டத்தில்கூட மரத்தடியில் ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டார்கள்.

அன்றைக்குப் பெரியம்மை என்றால் உயிர்ப்பயம். ஒரு வீட்டில் அம்மை கண்டால் "அம்மா வந்திருக்கா" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த இலையைப் பார்த்தால் வெளியாள் உள்ளே போகமாட்டார். வீட்டில் தாளிப்பு இருக்காது. படுக்கையில் இலையைப் பரப்புவார்கள், அரிக்கும் இடத்தை நகத்தால் கீறாமல் கொத்திலையால் தடவிக் கொடுப்பார்கள். இறங்கிய பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை ஊற்றுவார்கள். இதில் எவ்வளவு விவேகம் இருக்கிறது பாருங்கள். நோயாளியைத் தனியே வைத்து, புண்ணைக் காத்து, உடம்பைக் குளிர்ச்சியாக வைத்திருந்தார்கள்.

ஆனால் பெரியம்மையை உலகத்தை விட்டு ஒழித்தது தடுப்பூசி. 1796ல் ஜென்னர் தொடங்கிய வழி அது. 1980ல் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. ஊசியும் போட்டுக்கொண்டு வேப்பிலையும் கட்டியவர்கள்தான் நம் பெரியவர்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வழக்கங்களில் பெரும்பாலும் வேப்பிலை உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது. அரிசி, பருப்பில் பூச்சி வராமல் இருக்க இலையைப் போட்டு வைத்தார்கள். குச்சியால் பல் விளக்கினார்கள். உள்ளே போனது எவ்வளவு? புத்தாண்டுப் பச்சடியில் ஒரு பிடி பூ. எப்போதாவது ஒரு ரசம். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்தாக ஒரு சுண்டைக்காய் அளவு கொழுந்து உருண்டை. லிட்டர் கணக்கில் சாறு பிழிந்து மாதக்கணக்கில் தினமும் குடித்ததாக எங்கள் பாட்டிமார் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

*ஆய்வுக்கூடத்துக்குப் போன மரம்*

வேம்பின் கசப்புக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்த்தவர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர். 1942ல் வேப்பெண்ணெயிலிருந்து 'நிம்பின்' என்ற பொருளைத் தனியே எடுத்தார். 1959ல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையையெல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்பமரத்தை மட்டும் தொடாமல் விட்டதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கண்டார். 1968ல் இங்கிலாந்தில், வெட்டுக்கிளியை விரட்டும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 'அசாடிராக்டின்' என்று பெயர் வைத்தார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்து முடிக்க ஒரு குழுவுக்கு 22 வருஷம் ஆனது. 2007ல்தான் முடித்தார்கள். நம் வாசல் மரம் அப்படி லேசுப்பட்டது அல்ல!

காப்புரிமை வழக்கு பலருக்கு நினைவிருக்கும். வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு 1994ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க விவசாயத் துறைக்கும் உரிமை கொடுத்தது. "இது இந்திய விவசாயி காலங்காலமாகச் செய்வது" என்று வழக்காடி, 2000ல் அந்த உரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005ல் தள்ளுபடியானது. அந்த வழக்கில் ஜெயித்தது பயிருக்கு வேப்பெண்ணெய் அடிக்கும் அறிவு. தினமும் குடிக்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

*ஊதா நிறம் மஞ்சளான கதை*

இப்போது அந்தப் புலனச் செய்திக்கு வருவோம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன? நாம் உண்ணும் உணவு உடம்பில் எரிந்து சக்தியாகும்போது, அடங்காத சில துகள்கள் உண்டாகின்றன. இரும்பைத் துரு அரிப்பதுபோல் அவை செல்களை அரிக்கும். 1956ல் ஹார்மன் என்ற அமெரிக்க மருத்துவர், நாம் மூப்படைவதற்கே இவைதான் காரணம் என்று ஒரு கருத்தை வைத்தார். அந்த அரிப்பைத் தணிக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர்.

1958ல் பிளாய்ஸ் என்பவர் இதை அளக்க ஒரு சுலபமான வழி சொன்னார். ஊதா நிறக் கரைசல் ஒன்றில் இலைச்சாற்றை விட வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். செலவு குறைவு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்றைக்கும் மூலிகை ஆய்வுகளில் அதிகம் செய்யப்படும் சோதனைகளில் இது ஒன்று. வேப்பிலை, துளசி, வில்வம், மஞ்சள் எதை விட்டாலும் நிறம் மாறும். நாம் காலையில் குடிக்கும் தேத்தண்ணி, காப்பி விட்டாலும் மாறும்!

கண்ணாடிக் குழாயில் நிறம் மாறுவது வேறு, மனித உடம்பில் நோய் மாறுவது வேறு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் ஆச்சே, அதை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நினைத்தார்கள். 1994ல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பட்டியல் போட்டு வைத்திருந்த அமெரிக்க விவசாயத் துறையே, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012ல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது.

*சோறு இனிப்பாகும் கதை*

அடுத்து என்சைம், தமிழில் நொதி. வெறும் சோற்றை நன்றாக மென்று கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருங்கள், இனிக்கும். எச்சிலில் இருக்கும் 'அமைலேஸ்' என்ற நொதி மாவுச்சத்தைச் சிறு சிறு சர்க்கரைத் துண்டுகளாக வெட்டுகிறது. சிறுகுடலில் 'குளுக்கோசிடேஸ்' என்ற நொதி மிச்சத்தை வெட்டி குளுக்கோஸாக ரத்தத்துக்கு அனுப்புகிறது. இந்த வெட்டும் வேலையை மெதுவாக்கினால், சாப்பிட்டதும் சர்க்கரை மளமளவென்று ஏறாது.

இது கற்பனை அல்ல. அப்படி வேலை செய்யும் 'அகார்போஸ்' என்ற மாத்திரை மருத்துவமனைகளில் உண்டு. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்தது அது. இலங்கையில் 'கோத்தல ஹிம்புட்டு' என்ற கொடியின் கட்டையைக் குடைந்து குவளை செய்வார்கள். அதில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, இனிப்புநீர்க்காரர்கள் காலையில் குடிப்பது வழக்கம். 1997ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தக் கொடியிலிருந்து 'சலசினால்' என்ற பொருளைப் பிரித்தார்கள். அது குளுக்கோசிடேஸை நன்றாகவே தடுக்கிறது. பிறகு இலங்கை மருத்துவர்கள் அந்தக் கொடியில் செய்த தேநீரை 51 நோயாளிகளுக்கு அளவாகக் கொடுத்துச் சோதித்து, 2005ல் வெளியிட்டார்கள். பயன் தெரிந்தது. பாட்டி வைத்தியத்தை மதிப்பது என்றால் இப்படித்தான்: எது, எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்று பார்ப்பது.

வேப்பிலைச் சாறும் குழாயில் இந்த நொதிகளைத் தடுக்கிறது. புலனச் செய்தி அந்த மட்டும் பொய் இல்லை. ஆனால் குழாயில் தடுக்கும் அளவு நம் குடலுக்குப் போய்ச் சேர எவ்வளவு குடிக்க வேண்டும், அவ்வளவு குடித்தால் கல்லீரல் என்ன ஆகும் என்று அந்தச் செய்தி சொல்லவில்லை.

*நம் நாட்டிலேயே நடந்தது*

இதைப் படித்தபோதுதான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1981ல் 'லான்செட்' மருத்துவ இதழில் டாக்டர் சின்னையா, டாக்டர் பாஸ்கரன் என்ற நம் நாட்டு மருத்துவர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட 13 கைக்குழந்தைகளைப் பற்றியது. சளி, இருமல் போன்ற சின்னத் தொல்லைக்கு வீட்டில் அன்போடு புகட்டும் எண்ணெய்தான் அது. சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், மூளை பாதிப்பு. கல்லீரல் செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அந்த எண்ணெய் கெடுப்பதைப் பிறகு எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டின. பூச்சியைத் தடுக்கும் அதே வீரியம் பச்சைக் குழந்தையின் உடம்பையும் தடுத்துவிட்டது.

புகட்டிய தாய்மார்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. நாங்களும் அன்போடுதான் அந்தச் செய்தியை அனுப்பினோம்.

*அண்ணன் நிறுத்திய மாத்திரை*

அண்ணன் நிறுத்தியது மெட்ஃபார்மின். நம்மில் பாதிப் பேர் வீட்டில் அந்த மாத்திரை இருக்கும். அதன் பிறப்பு தெரியுமா? ஐரோப்பாவில் 'கலேகா' என்று ஒரு செடி. அளவுக்கு மேல் மேய்ந்தால் ஆடு மாடு செத்துப்போகும். அதை அங்கே நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தி வந்தார்கள். அந்தச் செடியில் இருக்கும் குவானிடின் வகைப் பொருள்கள் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் விஷம். அந்த வகையில் விஷம் குறைந்த ஒன்றைத் தேடிப் போன பாதையில் கிடைத்ததுதான் மெட்ஃபார்மின். 1922ல் டப்ளினில் முதலில் தயாரித்தார்கள். 1957ல் பிரான்சில் டாக்டர் ஸ்டேர்ன் இனிப்புநீர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயனை வெளியிட்டார்.

ஆக, "கெமிக்கல் வேண்டாம், மூலிகை போதும்" என்று அண்ணன் தூக்கிப் போட்டதே மூலிகை வழியில் வந்த மருந்துதான். இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இத அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

*இனி நாங்கள் செய்யப் போவது*

2019ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவருக்கு இனிப்புநீர். அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆலயத்துக்கு வரும் எந்தக் குடும்பத்துக்கும் இது தூரத்து விஷயம் இல்லை.

ஆகவே, டாக்டரோ மருந்தாளரோ பார்த்துச் சொல்லாத எந்த மருத்துவச் செய்தியையும் ஆலயப் புலனக் குழுவில் இனி பகிரமாட்டோம். போன வருஷம் பகிர்ந்த அந்தச் செய்தியை யாருக்காவது அனுப்பியிருந்தால், தயவுசெய்து இந்தப் பதிவையும் அவருக்கு அனுப்புங்கள்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேப்பிலையோ பாகற்காய்ச் சாறோ குடித்து வந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையும் சாறும் சேர்ந்து சர்க்கரையை ரொம்ப இறக்கிவிட்டால் மயக்கம் வரும். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடுங்கள். பாக்கெட்டில் விற்கும் மூலிகை மருந்தானால் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேப்பிலைத் தோரணம் வழக்கம்போல் நம் வாசலில் கட்டியிருக்கும். அம்மன் கரகத்திலும் இருக்கும், தீமிதியன்று உங்கள் கையிலும் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் நிலையில் செருகுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லி வளர்த்த பெரியவர்களின் இலை அது.

அண்ணன் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றும்போது நாற்காலி போட்டு உட்கார வைத்தால் குவளை எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

அம்மன் அருள் அனைவருக்கும் கிட்டட்டும். 🙏