சீருடைக்கு ஒரு கேம்பிரிட்ஜ் பட்டம்

நல்ல இரும்பை ஆணியாக அடிக்க மாட்டார்கள். நல்ல பிள்ளை சிப்பாயாகப் போக மாட்டான். சீனக் குடும்பங்களில் புழங்கிய பழமொழி இது. நம் வீடுகளிலும் நிலைமை ஒன்றும் வேறாக இல்லை. "இன்ஜினியருக்குப் படிடான்னா பட்டாளத்துக்குப் போறேங்கிற" என்று அதட்டும் அப்பாக்கள் நமக்கும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் தன் ராணுவத்தைக் கட்டத் தொடங்கியபோது இந்தப் பழமொழியும் ஒரு தடையாக நின்றது. பீரங்கியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பழமொழியை என்ன செய்வது?

1965இல் பிரிந்து வந்தபோது தீவின் கையில் இருந்தவை இரண்டு காலாட்படைப் பிரிவுகள். 1966இல் பாசிர் லாபாவில் சாஃப்டி பயிற்சிக் கழகம் திறக்கப்பட்டது. அதன் முதல் அணி அதிகாரிகள் 117 பேர் 1967 ஜூலையில் வெளியே வந்தார்கள். அதே ஆண்டு தேசிய சேவை கட்டாயமானது. ஆக, ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். ஆனால் கட்டாயத்தில் வருகிறவன் நாளை எண்ணிக்கொண்டுதான் இருப்பான். ராணுவத்தையே தொழிலாக எடுத்துக்கொள்ளும் மூளைக்காரர்கள் எங்கே? அவர்கள் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

1970இல் கோ கெங் சுவீ மீண்டும் தற்காப்பு அமைச்சரானார். லண்டனில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். போருக்கு முன் தொண்டூழியப் படையில் கார்ப்பரலாக இருந்தது தவிர அவருக்கு ராணுவ அனுபவம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவர் இதை ஒரு சந்தைப் பிரச்சினையாகப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெற்றோர் மதிப்பது பட்டத்தை. அந்தப் பட்டத்தையே சீருடையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால்?

1971இல் ஆயுதப்படையின் வெளிநாட்டு உபகாரச் சம்பளம் தொடங்கியது. தேர்வில் முதலில் வரும் பையனுக்குக் கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்ஃபர்டும் திறந்தன. திரும்பி வந்து ஒப்பந்தக் காலம் முழுக்க ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். முதல் அணியில் இருந்தவர் பிரதமரின் மகன் லீ சியன் லூங். டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்தார். "பிரதமர் மகனே போறான்" என்ற பேச்சு எத்தனை அப்பாக்களை அசைத்திருக்கும்!

கவனிக்க வேண்டிய விஷயம், ராணுவம் இங்கே பல்கலைக்கழகத்திடம் போர்க்கலையைக் கேட்கவில்லை. கணிதம், பொறியியல், பொருளாதாரம் என்று எது படித்தாலும் சரி. அது வாங்கியது பல்கலைக்கழகத்தின் மதிப்பை.

இதே காலத்தில் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. மின்னணுப் போர் முறைகளை ஆராய, புதிதாகப் பட்டம் பெற்ற மூன்று பொறியாளர்களைக் கோ தேர்ந்தெடுத்தார். வழிநடத்தியவர் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டே எங் சூன். 1972இல் அமைந்த அந்தக் கூடத்துக்கு 'மின்னணுச் சோதனை நிலையம்' என்று சாதுவான பெயர். ஏதோ ரேடியோ ரிப்பேர் கடை மாதிரி. 1977இல் அது தற்காப்பு அறிவியல் அமைப்பாக வளர்ந்தது. அங்கே போன பட்டதாரிகள் தங்கள் வேலையைப் பற்றி வெளியே வாய் திறக்க முடியாது.

ராணுவத்துக்கு உண்மையில் பலன் தந்தது இந்த இரண்டாவது வழிதான் என்பது என் கணிப்பு. முதல் வழி அரசாங்கத்துக்குத்தான் அதிகம் பலன் தந்தது. லீ 1984இல் பிரிகேடியர் ஜெனரலாக விலகி அரசியலுக்கு வந்தார். 1988இல் ஜார்ஜ் இயோ. 1992இல் கடற்படையிலிருந்து டியோ சீ ஹியன். மூவரும் உபகாரச் சம்பளக்காரர்கள், மூவரும் அமைச்சர்களானவர்கள். படைக்கு ஆள் பிடிக்கப் போட்ட ஏணி அமைச்சரவை வரை நீண்டுவிட்டது. மேலே போகிறவர் நாற்பது வயதுக்குள் கீழிறங்காமலே இடம் மாறிவிடுகிறார். போரே பார்க்காத இவர்களைக் 'காகித ஜெனரல்' என்று கிண்டலடிப்பவர்கள் சிங்கப்பூரிலேயே இருக்கிறார்கள். டேயும் 1980இல் நாடாளுமன்றத்துக்குப் போனவர்தான். ஆனால் அவரோடு இருந்த பொறியாளர்களை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

ஏணி எல்லோருக்கும் போடப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தேசிய சேவை தொடங்கிய முதல் பத்தாண்டுகளில் மலாய் இளைஞர்களில் பெரும்பாலோர் அதற்கே அழைக்கப்படவில்லை. அவர்களுடைய விசுவாசத்தின் மேல் சந்தேகம். முகாமுக்குள்ளேயே விடப்படாதவனுக்கு அந்த முகாம் வழியாகப் போகும் கேம்பிரிட்ஜ் எட்டுமா? திறமை மட்டுமே அளவுகோல் என்று பெருமை பேசும் திட்டத்தின் வரலாற்றில் இது சின்ன அடிக்குறிப்பு அல்ல. பெண்களுக்கான உபகாரச் சம்பளமும் 1993இல்தான் வந்தது.

2000இல் தற்காப்பு அமைச்சும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளாகத்திலேயே தெமாசெக் ஆய்வகத்தைத் திறந்தன. 2003இல் நன்யாங்கிலும் ஒன்று வந்தது. இப்போது மறைவுப் பெயரெல்லாம் இல்லை, வாசலிலேயே பெயர்ப்பலகை இருக்கிறது.