தொப்பி போட்ட பூனையும் 236 வார்த்தைகளும்

குழந்தை ஏன் படிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது? பெரியவர்களைக் கேட்டால் காரணங்களுக்குப் பஞ்சமே இருக்காது. சோம்பேறித்தனம், விளையாட்டுப் புத்தி, டிவி கெடுத்துவிட்டது, பாட்டி செல்லம் கொடுத்துவிட்டாள்... "கையில் கொடுத்த புத்தகம் படு போராக இருக்கிறதோ?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

1954-ல் அமெரிக்காவில் ஒரு எழுத்தாளர் அதைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக மூன்று வருடம் கழித்து ஒரு பூனை வந்தது. தலையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நீளத் தொப்பி, கழுத்தில் சிவப்பு 'போ', கையில் குடை. உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்த 'தி கேட் இன் தி ஹேட்' புத்தகத்தின் கதை இதுதான். இது ஒரு இலக்கியக் கதை மட்டுமல்ல, நல்ல வியாபாரக் கதையும்கூட!

டிக், ஜேன் ராஜ்ஜியம்

அந்தக் கால அமெரிக்கப் பள்ளிகளில் முதல் வகுப்பு என்றால் டிக், ஜேன் என்ற அண்ணன் தங்கைதான். 1930-லிருந்து ஸ்காட் ஃபோர்ஸ்மேன் என்ற பதிப்பகம் வெளியிட்ட வாசிப்புப் புத்தகங்களின் நாயகர்கள் இவர்கள். கூடவே குட்டித் தங்கை சாலி, ஸ்பாட் என்ற நாய், பஃப் என்ற பூனை. இந்தப் பாத்திரங்களுக்கு யோசனை கொடுத்தவர் ஜெர்னா ஷார்ப் என்ற பெண்மணி. புத்தகங்களுக்குப் பின்னால் இருந்த கல்வியாளர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிரே.

இந்தப் புத்தகங்களின் முறை எளிமையானது. முழு வார்த்தையையும் ஒரு படத்தைப் போலப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு புது வார்த்தைகள்தான். அதே வார்த்தை திரும்பத் திரும்ப வரும். நாய் ஓடும், டிக் அதைப் பார்க்கச் சொல்வான், ஜேனும் பார்க்கச் சொல்வாள். சண்டை கிடையாது, குறும்பு கிடையாது, அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற ஆவலும் கிடையாது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த முறை கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். தமிழில் எழுத்தைக் கற்றுக்கொண்டால் புது வார்த்தையைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் அப்படி இல்லையே! 'கட்' என்ற வார்த்தையின் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் 'புட்' ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் 'யு' அப்படியேதான் இருக்கிறது, சத்தம் மட்டும் மாறிவிடுகிறது. இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கத்தான் வார்த்தையை முழுசாகப் பார்க்கச் சொன்னார்கள்.

இரண்டு தாக்குதல்கள்

ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு உயிர் பிழைத்தவர்களைப் பற்றி 1946-ல் எழுதி உலகையே உலுக்கியவர். கனெக்டிகட் மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு என்ற ஊரில் பள்ளிகளை ஆராய்ந்த குடிமக்கள் குழுவில் அவரும் இருந்தார். அந்த அனுபவத்தை வைத்து 1954 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு நீளமான கட்டுரை எழுதினார்.

குழந்தைகள் வாசிப்பில் பின்தங்குவதற்குப் பல காரணங்களை அலசிய ஹெர்சி, பாடப்புத்தகங்களையும் விட்டுவைக்கவில்லை. அதில் வரும் குழந்தைகள் நிஜக் குழந்தைகளைப் போலவே இல்லை, படங்களில் உயிர் இல்லை என்றார். நல்ல கற்பனை உள்ள ஓவியர்களிடம் ஏன் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்று கேட்டு, சில பெயர்களையும் சொன்னார். வால்ட் டிஸ்னி அதில் ஒருவர். டாக்டர் சூஸ் இன்னொருவர்.

அடுத்த வருடமே, 1955-ல், ருடால்ஃப் ஃபிளெஷ் எழுதிய 'ஒய் ஜானி கான்ட் ரீட்' (ஜானியால் ஏன் படிக்க முடியவில்லை) வெளியாகிப் பரபரப்பாக விற்றது. இவருடைய கோபம் கற்பிக்கும் முறை மீது. எழுத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிக் கொடுக்காமல் வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் கேடு என்று அடித்துச் சொன்னார்.

ஒருவர் "கதை சரியில்லை" என்றார், மற்றவர் "முறை சரியில்லை" என்றார். இரண்டுமே உண்மைதான் என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு பட்டியல், ஒரு சவால்

டாக்டர் சூஸ் டாக்டரே இல்லை! தியடோர் சூஸ் கெய்செல் என்பது முழுப்பெயர். 1904-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். ஃபிளிட் என்ற பூச்சி மருந்துக்கு விளம்பரப் படம் வரைந்து பிழைப்பு நடத்தியவர். 1937-ல் வெளிவந்த அவருடைய முதல் குழந்தைப் புத்தகத்தை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. 1954-ல் அவர் ஓரளவு பெயர் பெற்ற எழுத்தாளர், அவ்வளவுதான்.

ஹௌட்டன் மிஃப்லின் என்ற பதிப்பகத்தின் கல்விப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஸ்பால்டிங்குக்கும் கெய்செலுக்கும் போர்க்காலத்திலேயே பழக்கம். முதல் வகுப்புக் குழந்தை கீழே வைக்க முடியாத ஒரு கதை வேண்டும் என்று அவர் கெய்செலைக் கேட்டார். கூடவே ஒரு நிபந்தனை. ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டிய 348 வார்த்தைகளின் பட்டியலைக் கொடுத்து, அதிலிருந்து 225 வார்த்தைக்குள் எழுதச் சொன்னார்.

சில வாரங்களில் முடித்துவிடலாம் என்று கெய்செல் நினைத்தார். ஒன்றரை வருடம் பிடித்தது! பட்டியலில் வினைச்சொற்களும் உரிச்சொற்களும் போதவில்லை. எவரெஸ்ட் ஏறும் கதை எழுதலாம் என்றால் அதற்கு வேண்டிய வார்த்தைகள் பட்டியலில் இல்லை. கடைசியில் வெறுத்துப்போய், பட்டியலில் ஓசை ஒத்துப்போகிற முதல் இரண்டு வார்த்தைகள் எவையோ அவைதான் தலைப்பு என்று முடிவு செய்தாராம். கிடைத்தவை 'கேட்', 'ஹேட்'. இந்தக் கதையைக் கெய்செல் ஒவ்வொரு பேட்டியிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டியலோடு அவர் பட்ட பாடு மட்டும் நிஜம்.

முடிந்த புத்தகத்தில் இருந்தவை 236 வெவ்வேறு வார்த்தைகள். பெரும்பாலும் ஒற்றை அசை வார்த்தைகள். மழை பெய்யும் ஒரு நாள், அம்மா வெளியே போயிருக்கிறாள், அண்ணனும் தங்கையும் சலித்துப்போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பூனை உள்ளே நுழைகிறது. வீடு தலைகீழாகிறது. தொட்டியில் இருக்கும் மீன் மட்டும் பெரிய மனிதர் மாதிரி கண்டித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா வருவதற்குள் வீடு ஒழுங்காகுமா, ஆகாதா?

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓசை ஒத்த வார்த்தைகள் அடுத்தடுத்து வரும்போது, முதல் எழுத்து மாறினால் வார்த்தையே மாறிவிடுவதைக் குழந்தை தானாகவே கவனிக்கிறது. வார்த்தைப் பட்டியலை வைத்து எழுதிய புத்தகம், ஃபிளெஷ் கேட்ட எழுத்தோசைப் பயிற்சியையும் விளையாட்டாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

வாங்குவது யார், படிப்பது யார்?

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கெய்செல் ஏற்கெனவே ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் எழுத்தாளர். அதன் தலைவர் பென்னட் செர்ஃப் ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். பள்ளிகளுக்கான பதிப்பை ஹௌட்டன் மிஃப்லின் விற்கும், கடைகளில் விற்கும் உரிமை ரேண்டம் ஹவுஸுக்கு. ஒரே புத்தகம், இரண்டு சந்தை!

1957 மார்ச்சில் புத்தகம் வெளிவந்தது. பள்ளிப் பதிப்பு சரியாகப் போகவில்லை. பள்ளிகள் டிக், ஜேனை விட்டுக் கொடுப்பதாக இல்லை. இவ்வளவு குறும்பான புத்தகம் வகுப்பறைக்கு ஆகுமா என்ற தயக்கமும் இருந்தது. கடைகளிலோ நிலைமை நேர்மாறு. லாஸ் ஏஞ்சலிஸில் புல்லக்ஸ் என்ற கடை வாங்கி வைத்த முதல் 100 பிரதிகளும் ஒரே நாளில் தீர்ந்து, அவசரமாக இன்னும் 250 கேட்டது. நாடு முழுக்க மாதம் சராசரி 12,000 பிரதிகள் என்று ஆரம்பித்த விற்பனை, மூன்று வருடத்தில் பத்து லட்சத்தை நெருங்கியது.

ஏன் இந்த வித்தியாசம்? பள்ளிச் சந்தையில் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு. எந்தக் குழுவும் ஆறு வயதுக் குழந்தையிடம் "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்பதில்லை. கடையிலோ குழந்தை அம்மாவின் புடவையை, மன்னிக்கவும், கவுனைப் பிடித்து இழுக்க முடியும். நண்பன் வீட்டில் பார்த்த புத்தகம்தான் வேண்டும் என்று அழ முடியும். முதல் முறையாக வாசகரின் விருப்பத்துக்கு மதிப்பு கிடைத்தது.

பூனைக்குப் பின்னால்

பென்னட் செர்ஃபின் மனைவி ஃபிலிஸ், கெய்செல், அவர் மனைவி ஹெலன் மூவரும் சேர்ந்து 'பிகினர் புக்ஸ்' என்ற தனி நிறுவனமே ஆரம்பித்தார்கள். புதிதாகப் படிக்கத் தொடங்கும் குழந்தை, யார் உதவியும் இல்லாமல் தானே படித்து முடிக்கக்கூடிய புத்தகங்கள்தான் அதன் சரக்கு. 1960-ல் ரேண்டம் ஹவுஸ் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 50 வார்த்தைக்குள் ஒரு புத்தகம் எழுத முடியாது என்று பென்னட் செர்ஃப் 50 டாலர் பந்தயம் கட்ட, அதே வருடம் கெய்செல் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' எழுதிக் காட்டினார். சரியாக 50 வார்த்தை! பந்தயப் பணம் கைக்கு வரவே இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பூனை தனியாகவும் வரவில்லை. அதே 1957-ல் ஹார்ப்பர் பதிப்பகம் 'லிட்டில் பேர்' என்ற புத்தகத்தோடு 'ஐ கேன் ரீட்' வரிசையைத் தொடங்கியது. எழுதியவர் எல்ஸ் மினாரிக் என்ற பள்ளி ஆசிரியை, படம் வரைந்தவர் மாரிஸ் சென்டாக். குறும்பே இல்லாத, அமைதியான கரடிக்குட்டிக் கதை அது. ஆனாலும் குழந்தைகளுக்குப் பிடித்தது. ஆர்ப்பாட்டம்தான் வேண்டும் என்றில்லை, நிஜமான கதை இருந்தால் போதும் என்பதற்கு அது சாட்சி.

டிக், ஜேன் வரிசையின் கடைசிப் பதிப்பு 1965-ல் வந்தது. முப்பத்தைந்து வருடம் வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டுமே காட்டிய அந்தப் புத்தகத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்று இடம்பெற்றதும் அப்போதுதான். 1967-ல் ஹார்வர்டின் ஜீன் சால், பல வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆரம்பத்தில் எழுத்தோசையை முறையாகச் சொல்லிக் கொடுப்பதே நல்ல பலன் தருகிறது என்று எழுதினார். அந்த விஷயத்தில் ஃபிளெஷ் சொன்னதும் வீண் போகவில்லை.

டாக்டர் சூஸும் குறையில்லாதவர் அல்ல. அவருடைய பழைய புத்தகங்கள் சிலவற்றில் ஆசியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் இழிவாகக் காட்டும் படங்கள் இருந்தன. அதனால் அவர் முதல் புத்தகம் உட்பட ஆறு புத்தகங்களை இனி அச்சிடப் போவதில்லை என்று 2021 மார்ச்சில் அவருடைய படைப்புகளை நிர்வகிக்கும் நிறுவனமே அறிவித்தது. குழந்தை விரும்பிப் படிக்கும் புத்தகம் என்பதாலேயே, அதற்குள் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் பார்க்க வேண்டிய பொறுப்பும் கூடுகிறது.

எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் குழந்தைக்குப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரிந்த குழந்தை நாளைக்கும் புத்தகத்தைத் திறக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு அடுத்த பக்கத்தில் ஏதாவது நடக்க வேண்டும். வீட்டில் தம்பி, தங்கை, அக்கா குழந்தை என்று யாராவது இருந்தால், அடுத்த முறை புத்தகக் கடைக்கோ கண்காட்சிக்கோ கூட்டிக்கொண்டு போய், பத்து நிமிடம் அவர்கள் போக்கில் விட்டுப் பாருங்கள். அவர்களே எடுக்கட்டும். எடுத்தது மட்டமான புத்தகமாகத் தெரிந்தாலும் உடனே பிடுங்கி வைத்துவிடாமல், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள்.