பெட்ரோலை அளந்த கதை

1940-ஆம் ஆண்டின் கோடைக் காலத்தில் இங்கிலாந்தின் வானத்திலே ஒரு விந்தை அடிக்கடி நிகழ்ந்தது. துரத்திவரும் பிரிட்டிஷ் விமானத்திடமிருந்து தப்ப விரும்பிய ஜெர்மன் விமானி, தன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தின் மூக்கைத் திடீரெனக் கீழே சாய்த்துப் பாய்வான். அவ்வாறே பின்தொடர முயன்ற ஸ்பிட்பயரின் எஞ்சின் ஓரிரு கணம் விக்கி அடங்கிவிடும். அதற்குள் எதிரி எட்டாத தூரம் போய்விடுவான். பிரிட்டிஷ் விமானிகள் வீரத்திலோ பயிற்சியிலோ குறைந்தவர்கள் அல்லர். குறை, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டிய முறையிலே இருந்தது.

அந்த எஞ்சினில் இருந்தது கார்புரேட்டர். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதந்துகொண்டு, நீர் நிறைந்ததும் குழாயை அடைக்கிறதன்றோ? அதுபோன்ற மிதவைதான் கார்புரேட்டரிலும் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கிறது. விமானம் சட்டென்று மூக்கைச் சாய்த்தால், உள்ளே இருப்பதெல்லாம் மேல்நோக்கி எழும்புகிறது. முதலில் எஞ்சின் பெட்ரோலின்றித் தவிக்கிறது. பிறகு மிதவை நிலைதவறி, பெட்ரோல் வெள்ளமாய்ப் புகுந்து எஞ்சினை மூச்சுத் திணற வைக்கிறது. பார்ன்பரோவிலிருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி, துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பெட்ரோல் குழாயிற் பொருத்தி, 1941-இல் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தணித்தார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடிப் பரிசு பெற்றவர் அவர்! எஞ்சின் தன் முழு வலிமையில் எவ்வளவு பெட்ரோல் குடிக்குமோ, அவ்வளவே செல்லும்படியாக அத்துளை அளந்து இடப்பட்டிருந்தது.

ஜெர்மன் எஞ்சினிலோ மிதவையே இல்லை. ஒரு பம்பு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேண்டிய பெட்ரோலை அளந்து, மிகுந்த அழுத்தத்துடன் நேரே உள்ளே பீய்ச்சிற்று. விமானம் தலைகீழாய்ப் பறந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இந்தப் பம்பின் மூதாதை டீசல் எஞ்சினில் இருந்தது. ஸ்டட்கார்ட் நகரத்து ராபர்ட் போஷ் தொழிற்சாலை 1927-இல் டீசல் பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. அந்த அனுபவமே விமானத்திற்குப் பயன்பட்டது.

போர் முடிந்ததும், ஜெர்மனி விமானம் செய்யலாகாது என்று நேச நாடுகள் தடை விதித்தன. விமான எஞ்சின் வல்லுநர்கள் வேறு வேலை தேடினர். அவர்களுள் ஒருவரான ஹான்ஸ் ஷெரன்பெர்க், குட்பிராட் என்ற சிறு கம்பெனியின் சின்னஞ்சிறு மோட்டார் வண்டியிலே பெட்ரோல் பீய்ச்சும் முறையைப் புகுத்தினார். பின்னர் அவர் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்திற்குத் திரும்பினார். 1954-இல் நியூயார்க் கண்காட்சியில், பறவை சிறகை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளோடு மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். என்ற வண்டி தோன்றியது. 1952-இல் பிரான்சின் லெமான் பந்தயத்தை வென்ற அதன் முன்னோடி வண்டி கார்புரேட்டரில் ஓடியது. அதன் வலிமை சுமார் 170 குதிரைத் திறன். கடையில் விற்கப்பட்ட வண்டிக்கோ 215. பந்தய வண்டியைக் காட்டிலும் விற்பனை வண்டி வலிமை மிக்கதாய் இருப்பது ஓர் அதிசயம்.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும், எஞ்சின் சுழன்று ஓயும்வரை பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெயை அடிக்கடி மாற்றாதவரின் எஞ்சின் தேய்ந்தது. பெட்ரோல் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்த மாறுதல் சட்டத்தின் வழியாக வந்தது. அமெரிக்காவில், முதலில் கலிபோர்னியாவில், மோட்டார்ப் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஏற்பட்டன. அதற்கு இணங்க 1967-இல் வோக்ஸ்வேகன் 1600 வண்டியில் போஷ் நிறுவனத்தின் மின்னணு முறை அமைந்தது. டி-ஜெட்ரானிக் என்பது அதன் பெயர். அழுத்தம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தே அந்த ‘டி’. உள்ளிழுக்கும் குழாயிலுள்ள காற்றின் அழுத்தத்தைக் கொண்டு, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஒரு பெட்டி கணக்கிடும்; மின்சாரத்தால் திறந்து மூடும் பீய்ச்சுகுழல்களை அதற்கேற்ற நேரம் திறந்து வைக்கும். 1969-இல் வெளிவந்த போர்ஷே 914 என்ற இருவர் அமரும் வண்டியும் இம்முறையை மேற்கொண்டது.

இங்கேதான் மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குக் காற்றின் அழுத்தம் தெரியும், எஞ்சினின் வேகம் தெரியும், வெப்பம் தெரியும். பெட்ரோலின் அழுத்தம் மட்டும் அதற்குத் தெரியாது. அது சதுர அங்குலத்திற்குச் சுமார் 28 ராத்தல் என்று நம்பிக்கொண்டே கணக்கிடுகிறது. புகையைச் சோதித்துப் பிழையைத் திருத்தும் கருவியும் அதில் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, பம்பு தளர்ந்து, வடிகட்டி அடைபட்டு, அழுத்தம் விழுந்தாலும் அந்தப் பெட்டி பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும்.

விழுந்தால் என்ன ஆகும்? துளை வழியே பாயும் திரவத்தின் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் நீர்த் தொட்டியைக் கொண்டு காட்டிய உண்மையே இதற்கு அடிப்படை. ஆகவே அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், பெட்ரோல் நூற்றுக்கு ஐந்தே குறையும், ஓட்டுபவர் உணரமாட்டார். அழுத்தம் பாதியானால் நூற்றுக்கு 29 பங்கு குறையும். மெதுவாகச் செல்கையில் எஞ்சின் தடுமாறுவதோடு சரி. முழு வேகத்தில் பெட்ரோல் போதாமற்போனால், சிலிண்டரில் வெப்பம் ஏறி, பிஸ்டனின் தலை உருகித் துளைபடவும் கூடும்.

ஆதலால் இத்தகைய வண்டியை வைத்திருப்போர் அழுத்தமானி ஒன்றைத் துணைகொள்கின்றனர். அதன் உள்ளமைப்பு, பாரிஸ் நகரத்து யூஜின் பூர்டான் 1849-இல் உரிமை பெற்றது. திருவிழாக் கடையில் விற்கும் காகித ஊதல், ஊதினால் சுருள் விரிந்து நீள்கிறதே, அந்தத் தத்துவந்தான். வளைந்த தட்டைக் குழாய் ஒன்று அழுத்தத்தால் நிமிர முயன்று முள்ளை நகர்த்துகிறது. பெட்ரோல் நிறைந்த குழாயை வண்டிக்குள் கொண்டுவருதல் ஆகாது. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. மானியை வெளியே பொருத்தியோ, மின் உணர்கருவியின் மூலமோ பார்ப்பதே முறை.

வண்டி நின்றவாறு எஞ்சின் ஓடும்போது மானியைப் பார்த்து மனநிறைவு கொள்வோர் பலர். அப்போது செலவாகும் பெட்ரோல் மிகச் சிறிது. தளர்ந்த பம்பும் சரியான அழுத்தத்தையே காட்டும். மேட்டில் முழு விசையோடு ஏறும்போது முள் சரிகிறதா என்பதே கேள்வி. போர்ஷே 914-இல் பம்பு முதலில் எஞ்சினின் சூட்டருகே இருந்தது. வெயிற்காலத்தில் பெட்ரோல் அங்கே ஆவியாகி ஓட்டம் தடைப்பட்டது. 1975-ஆம் ஆண்டு வண்டியில் அதை முன்புறத்துக்கு மாற்றினார்கள்.

இன்னொன்று: அழுத்தம் சரியாயிருந்தும் ஒரு பீய்ச்சுகுழல் பாதி அடைபட்டிருக்கலாம். மற்றச் சிலிண்டர்கள் இழுப்பதால் வண்டி ஓடும். அந்த ஒன்று மட்டும் வெந்துகொண்டிருக்கும். மானி இதைக் காட்டாது. நான்கு குழல்களையும் கழற்றி, கோடிட்ட நான்கு கண்ணாடிக் குடுவைகளில் ஒரே நேரம் பீய்ச்சச் செய்து, மட்டங்களை ஒப்பிட வேண்டும். அது, தீப்பொறி அணுகாத இடத்தில், தேர்ந்தவர் கையால் நடக்க வேண்டிய வேலை.

எஞ்சினை நிறுத்திய பின்னும் மானியை விட்டு உடனே அகலுதல் வேண்டா. முள் மெல்ல இறங்கினால் நன்று. சட்டென்று விழுந்தால், பம்பின் தடுப்பு வால்வோ, சீராக்கியோ, பீய்ச்சுகுழலோ ஒழுகுகிறது. ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கவும் கூடும். முதலிற் பார்க்க வேண்டியது அந்த ரப்பர்க் குழாயை. சூடான எஞ்சினுக்கு மேலேயே அது செல்கிறது.