வைரவர் பெயரில் ஒரு விடியல் ராகம்

இந்துஸ்தானி இசையில் விடியற்காலை ராகங்களுக்குத் தலைமகன் பைரவ். பெயரின் வேரோ அச்சத்தில் இருக்கிறது. வடமொழியில் ‘பீ’ என்ற வினையடிக்கு அஞ்சுதல் என்று பொருள். அதன்வழி வந்த ‘பைரவ’ என்பது ‘அச்சமூட்டும்’ எனும் அடைமொழி. சிவனின் உக்கிர வடிவத்துக்கு அதுவே பெயராயிற்று. 7ஆம் நூற்றாண்டிலேயே திருச்சேறைப் பதிகத்தில் அப்பர் ‘பயிரவன்’ என்கிறார். ஊர் வழக்கில் இந்தக் கடவுள் வைரவர். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்து வைரவன்பட்டி அவர் பெயரைத் தாங்கியது.

கடவுளின் பெயரைத் தாங்கிய இந்த ராகத்துக்கு ஒரு குடும்பக் கணக்கும் உண்டு. வடநாட்டு மரபு ஒன்று ராகங்களை ஆறு ஆண்களாகவும், அவர்களின் மனைவியரான ராகினிகளாகவும் பிரித்தது. அதன் ஒரு கிளையான அனுமன் மதத்தில் முதல்வன் பைரவ்; பைரவி அவன் ராகினி. ராகமாலா ஓவியங்களில் பைரவ் சிவனாகவே வீற்றிருப்பான்.

பாடும்போது அந்தப் பெயரின் கம்பீரம் ரிஷபத்திலும் தைவதத்திலும் தெரியும். இரண்டையும் மெல்ல ஊசலாட விட வேண்டும், ‘ஆந்தோளன்’ என்பார்கள். அந்த அசைவை எடுத்துவிட்டு அதே சுரங்களைப் பாடினால் காலிங்கடா என்ற வேறொரு ராகத்தின் வாசலில் நிற்போம்.

தெற்கே பைரவின் ஏழு சுரங்களுக்கு மாயாமாளவகௌளை என்று பெயர். கர்நாடக இசை கற்போர் சரளி வரிசையைத் தொடங்கும் ராகம். ராமாமாத்தியர் 1550இல் எழுதிய ‘ஸ்வரமேளகலாநிதி’யில் இது மாளவகௌளம்தான். ‘மாயா’ பின்னால் ஒட்டியது: எழுத்துகளை எண்களாகக் கொள்ளும் கடபயாதி முறையில் ‘ம’ 5, ‘ய’ 1, திருப்பிப் படித்தால் 15, அதாவது மேளங்கள் எனும் தாய் ராகங்களின் வரிசையில் இதன் எண். மிச்சமிருக்கும் மாளவம், கௌளை (கௌடம்) இரண்டும் வடக்கத்தி நாட்டுப் பெயர்கள். ஒன்று மத்திய இந்தியப் பகுதி, மற்றது வங்கம். வடக்கு தன் ராகத்துக்குச் சாமி பெயர் வைக்க, தெற்கு அதே சுரங்களுக்கு வடநாட்டின் பெயரை வைத்திருக்கிறது.

பைரவ் என்ற பெயர் தெற்கே வராமல் இல்லை. வேறு வீட்டில் குடியேறியது. கர்நாடக பைரவம் 17ஆவது மேளமான சூரியகாந்தத்தில் பிறந்தது. நம் பைரவி 20ஆவது மேளமான நடபைரவியின் சேய், இரண்டு தைவதங்களும் வரும். இந்துஸ்தானி பைரவியின் அடிப்படைச் சுரங்களோ நமக்குத் தோடி.

ஆகவே வடக்கத்திக் கச்சேரியில் ‘பைரவ்’ என்று அறிவித்தால் மாயாமாளவகௌளையை மனதில் வைத்துக்கொண்டு கேட்கலாம். ‘பைரவி’ என்றால் நம் பைரவியைத் தேடக் கூடாது. ராகங்களின் பெயர் ஊர்விட்டு ஊர் போகும்போது சுரங்களையும் கூட்டிக்கொண்டு போவதில்லை.