சைலன்சருக்கு முந்தின டப்பா

கும்மிடிப்பூண்டியில் சித்தப்பாவோட பழைய மாருதியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பிக்கப் சுத்தமாக இல்லை. மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "தேன்கூடு அடைச்சிருக்கு தம்பி, உடைச்சு எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்றார். சித்தப்பா தலையாட்டிவிட்டார். நான்தான் ஒரு வாரம் டைம் கேட்டேன். இந்தப் பதிவு அந்த ஒரு வாரத்தில் படித்தது.

அவர் சொன்ன தேன்கூடு, கேட்டலிடிக் கன்வெர்ட்டர். பீங்கானில் நுணுக்கமான ஓட்டைகள், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு இவற்றை அது பெருமளவு கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், நைட்ரஜன் என்று மாற்றி அனுப்பும். இதற்கு முதல் எதிரி ஈயம்.

பெட்ரோலில் ஈயம் எதற்கு? 1921ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்க்லி, ஈயக் கலவை சேர்த்தால் எஞ்சின் 'நாக்' ஆகாது என்று கண்டுபிடித்தார். விலை மலிவு. குழந்தைகளின் மூளைக்கு அது செய்த கெடுதல் எந்த லெட்ஜரிலும் ஏறவில்லை (பி.காம் படிக்கிறவனுக்கு இப்படித்தான் தோணும்!). 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் இந்த டப்பா வந்தது. ஈயம் பட்டால் பூச்சு மூடிக்கொண்டு செத்துப்போகும் என்பதால், அந்தக் கார்களின் டேங்க் வாயையே குறுக்கினார்கள். ஈயப் பெட்ரோல் பம்பின் மூக்கு உள்ளே நுழையாது. ஆனாலும் ஈயப் பெட்ரோல் சில காசு மலிவு என்று வீட்டிலேயே அந்த வாயை இடித்துப் பெரிசாக்கியவர்கள் அங்கே நிறைய. நம்ம ஆட்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.....

இங்கே எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு, 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலும் புது பெட்ரோல் கார்களுக்கு இந்த டப்பா கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோலும் அன்றுதான் அங்கே வந்தது. நாடு முழுக்க வந்தது 2000 பிப்ரவரியில்.

நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருஷம். சட்டம் நகரத்தோடு நின்றது, ஜி.என்.டி. ரோடு நிற்கவில்லை. நம்ம ஊர் அப்போது செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது, திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததே 1997ல். மெட்ராஸில் புதுக் கார் வாங்கி இந்த வழியாக நெல்லூர், விஜயவாடா போனவர், வழியில் கிடைத்த பெட்ரோலை யோசிக்காமல் போட்டிருந்தால் போச்சு. சில டேங்க் ஈயப் பெட்ரோல் போதும். வண்டி ஓடும், புகையும் கண்ணுக்குத் தெரியாது, டப்பா மட்டும் வெறும் ஓட்டைக் குழாயாகத் தொங்கும். அரசாங்கம் டப்பாவைக் கட்டாயமாக்கிவிட்டு, அதைக் காப்பாற்றும் வேலையை மட்டும் வண்டிக்காரர் தலையில் கட்டியது என்பது என் கருத்து.

ஈயப் பெட்ரோலை கடைசியாக விட்ட நாடு அல்ஜீரியா, 2021ல். இனி அந்தப் பயம் இல்லை. இப்போது டப்பாவைக் கொல்வது நம்ம அலட்சியம்தான். ஒரு பிளக் வேலை செய்யவில்லை என்றால் எரியாத பெட்ரோல் டப்பாவுக்குள் போய் அங்கே எரியும், பீங்கான் உருகும். வண்டியைத் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் அதே கதை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும். இதையெல்லாம் வீட்டு வாசலில் ஒரு பிளக் ஸ்பேனரோடு பார்த்துக்கொள்ளலாம். வண்டி நன்றாக ஆறின பிறகு டப்பாவை கையால் தட்டிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. இன்னொன்று, ஓடி வந்த சூட்டோடு காய்ந்த புல், வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தப்பாவும் பிளக்குகளைக் கழற்றினோம். மூன்றாவது கரிக்கட்டை. நாலு மாதமாக வண்டி குலுங்கியது அதனால்தான். மெக்கானிக் அண்ணன் சொன்ன அடைப்பும் பொய்யில்லை, தேன்கூட்டின் ஒரு பக்கம் உருகி மூடியிருந்தது. உருகவிட்டது நாங்கள்.

பிளக் மாற்றியாச்சு. தேன்கூட்டை உடைக்க வேண்டாம் என்று சித்தப்பா ஒத்துக்கொண்டார். புது டப்பா விலையைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை :)